கம்பியில் ஒரு கடுதாசி

போன மாதம் யோகேஸ்வரி எனக்குப் போன் எடுத்துப் பேசினாள். நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் இப்போது அவள்தான் பெரிய கிளாக்கர். என்னிடம் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தவள். கம்பெனிக்காரர்கள் எல்லாத் தோட்டத்து ஆபீஸ்காரர்களையும் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்களாம்.

"மனசுல பாரத்தக் கொறைச்சா வேலை தானா ஓடும்னு ஒருத்தர் படம் போட்டுக் காட்டினாரு சார். எப்படிக் கொறைக்கிறதுன்னு மட்டும் சொல்லல. சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றாள்.

பிறகு குரலை இறக்கி விஷயத்துக்கு வந்தாள். "எனக்குத் தலை கனக்குது சார். ஒருத்தர் கூரைத் தகரம் கேக்குறாரு, இன்னொருத்தங்க வேற லயத்துக்கு மாத்தச் சொல்றாங்க, எல்லாம் வாட்ஸ்அப்புல வருது. எல்லாத்துக்கும் 'பாக்குறேன்'னு போட்டுட்டு வீட்டுக்குப் போறேன். சோறு எறங்கல. நீங்க மட்டும் சனிக்கிழமையானா சிரிச்ச மூஞ்சியோட போவீங்களே, அது எப்படி? எழுதிக் குடுங்க, ஸ்டாஃப் மலர்ல போடுறோம்."

பெரிய மனுஷன் என்ற நினைப்பில் சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு பக்கம் மளமளவென்று எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. நான்கு நாள் மேசையில் அப்படியே கிடந்தது. ஏன் நின்றது என்பதைக் கடைசியில்தான் சொல்ல முடியும். முதலில் அந்த இரண்டு பக்கம்.

என் அப்பா தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர். நான் ஓ.எல். பரீட்சை தேறியதும், படித்த பிள்ளை என்று ஆபீஸில் செக்ரோல் எழுத உட்கார வைத்தார்கள். யார் எந்த மலையில் வேலை செய்தார்கள் என்று தினமும் பெயர் போடுகிற பெரிய புத்தகம் அது. நாலு வருடம் அதையே எழுதினேன். அந்த நாலு வருடத்தைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

அப்போது பெரிய கிளாக்கராக இருந்தவர் நல்லதம்பி. யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் குளிர் அவருக்கு முப்பது வருடமாகியும் பழகவில்லை. கோட்டு, கழுத்தில் மஃப்ளர், காலில் இரண்டு சோடி காலுறை. கோபம் வந்தால் கத்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் தன்னாலே எழுந்து நிற்போம். எவன் என்ன தப்புச் செய்தான் என்பது பிறகுதான் தெரியும்.

தோட்டத்து ஜனங்கள் ஆபீஸுக்குள் வருகிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. வேலை முடிந்து, பின்னேரம் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்கள். மனு இருந்தால் கம்பிகளுக்கு இடையில் நீட்டுவார்கள். ஜன்னல் விளிம்பில் நல்லதம்பி ஒரு கம்பி வைத்திருந்தார். ஒரு மரக்கட்டையில் நட்டு வைத்த, ஒரு முழ உயரக் கூர்க்கம்பி. வருகிற மனு எல்லாவற்றையும் அதில் குத்துவார். வெளியே நிற்கிறவர்களுக்குத் தங்கள் கடுதாசி அதில் இருப்பது தெரிய வேண்டும். உள்ளே எடுத்துப் பூட்டி வைக்கிற பேச்சே கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கம்பி காலியாக வேண்டும். அதுதான் சட்டம். காலியாகாமல் அவர் சாப்பிடப் போக மாட்டார், எங்களையும் விட மாட்டார். ஒவ்வொரு கடுதாசியாக உருவுவார். முடிந்த காரியமென்றால் நீலப் பென்சிலில் ஒரு சரி. முடியும், ஆனால் இப்போதில்லை என்றால் ஒரு தேதி. அந்தத் தேதியைக் கடுதாசிக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வார். தேதி போட்ட கடுதாசி டயறியில் அந்த நாளுக்குப் போய்விடும். பென்சிலின் மறுமுனை சிவப்பு. சிவப்பில் 'இல்லை' என்று எழுதி, கீழே ஒரு வரியில் காரணம் எழுதுவார்.

அந்தச் சிவப்பில்தான் அவருடைய குணம் இருந்தது. ஓம், முடியும் என்றால் ஜன்னலிலேயே சொல்லிவிடுவார். இல்லை என்றால் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு, கதவைத் திறந்து, இரண்டு படி இறங்கி, வெளியே நிற்கிற ஆளுக்கு முன்னால் அதே மண்ணில் போய் நின்றுதான் சொல்வார். குளிரோ காற்றோ பார்க்க மாட்டார். திட்டு வாங்கிக்கொண்டு வந்த நாட்களும் உண்டு. ஒரு கங்காணி ஒருமுறை அவர் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனார். நல்லதம்பி உள்ளே வந்து, கம்பி காலியா என்று பார்த்துவிட்டு, சாப்பிடப் போனார்.

எனக்கு அது விளங்கவில்லை. "இல்லன்னு தெரிஞ்சா அவங்களே விட்டுருவாங்களே சார், ஏன் போய் வாங்கிக் கட்டிக்கணும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுந்து நின்றேன். "தம்பி, ஒருத்தன்ர கடதாசியை வாங்கி வைச்சால் அவன்ர நித்திரையையும் சேர்த்துத்தான் வாங்கி வைக்கிறீர். இல்லையெண்டு தெரிஞ்சால் அவன் வேற வழி பாப்பான். ஒண்டும் சொல்லாட்டில் அவனும் பாத்துக்கொண்டு இருப்பான், அது உம்மட தலைக்குள்ளயும் இருக்கும். எனக்கு அதுக்குள்ள இடமில்லை."

அவ்வளவுதான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செக்ரோலில் நான் விட்டிருந்த ஒரு பிழைக்கு என்னை வறுத்தெடுத்தார்.

அவர் ஓய்வுபெற்று ஹட்டனில் ரயில் ஏறினபோது சிவப்பு நீலப் பென்சில், கம்பி இரண்டும் எனக்கு வந்தன. நானும் அப்படியே செய்தேன். சனிக்கிழமை மத்தியானம் தலைக்குள் காற்றோட்டமாக இருக்கும். யோகேஸ்வரி பார்த்த சிரிச்ச மூஞ்சி அதுதான். எழுதிய இரண்டு பக்கமும் இதோடு முடிந்தது.

இனி அஞ்சலை.

மேல் டிவிசனில் கொழுந்து எடுத்தவள். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். அஞ்சலையின் அம்மா மலைக்கு அந்தப் பக்கம், கீழ் டிவிசனில் தனியாக இருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அஞ்சலை மலையேறி இறங்கிப் போய், அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றி, துணி துவைத்து, ஒரு வாரத்துக்கு விறகு பிளந்து வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி நடப்பாள். தன்னைக் கீழ் டிவிசனுக்கு மாற்றிவிட்டால் அம்மாவோடு இருக்கலாம் என்பதுதான் அவள் மனு. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார், ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் வேலோடு முருகன். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன்தான், இருந்தாலும் முருகனைக் குத்த மனசு வராமல் தாளின் ஓரத்தில் பார்த்துக் குத்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் கம்பியில் முருகன் பளிச்சென்று தெரிந்தார்.

அந்தச் சனிக்கிழமையே தோட்டத்து மேனேஜர் தொரையிடம் கொண்டுபோனேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மேல் டிவிசன்ல கொழுந்துக்கு ஆள் பத்தாது கிளாக்கர். ஒருத்திய விட்டா பத்துப் பேர் கேப்பாங்க. நோ."

திரும்பி வந்தேன். ஜன்னலுக்கு வெளியே அஞ்சலை நின்றாள். நல்ல மழை. தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு, கம்பியில் இருக்கிற முருகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும். மழை கொஞ்சம் விடட்டும் என்று நினைத்தேன். மழை விடவில்லை. எனக்குப் பசித்தது. கம்பியில் அவள் கடுதாசி ஒன்றுதான் பாக்கி. அதை உருவி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். கம்பி காலி. "பாப்போம் அஞ்சலை" என்று ஜன்னலிலேயே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நான் செய்தது இவ்வளவுதான். இதைவிடப் பெரிய தப்பு என் உத்தியோகத்தில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்குச் சொன்னால் போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று ஆகும். ஒரு மாதம் போன பிறகு அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். இப்படியே அது வளர்ந்தது. அவள் எப்போதாவது ஜன்னலுக்கு வந்து, "அய்யா, நம்ம கடுதாசி?" என்று கேட்பாள். குரலில் ஒரு குறையும் இருக்காது. நான் ஏதாவது சொல்லி அனுப்புவேன். கொஞ்ச நாளில், அவள் குடியிருந்த லயத்தைத் தாண்டாமல் தொழிற்சாலைக்குப் போக வேறு வழி கண்டுபிடித்தேன். கால் மணி நேரம் கூடுதல். உடம்புக்கு நல்லது என்று மனைவியிடம் சொன்னேன்.

தலை என்னுடையதாக இல்லை. விறகு லொறியைக் கீழ் டிவிசனுக்குப் பதிலாக மேல் டிவிசனுக்கு அனுப்பினேன். தொரை கூப்பிட்டு, "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். ஒருநாள் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் மனைவியை நிற்கச் சொல்லிவிட்டு, அவளை மறந்து நான் மட்டும் வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். நனைந்து வந்து நின்றாள் மகராசி. "ஒங்க தலைக்குள்ள யாரு குடியிருக்கா?" என்று கேட்டாள். அஞ்சலை என்று சொல்லியிருந்தால் அது வேறு வழக்காகியிருக்கும்.

இருபத்திரண்டு மாதம் இப்படிப் போனது.

அந்த ஐப்பசியில் ஒழுகுகிற கூரைகளைக் கணக்கெடுக்கக் கீழ் டிவிசனுக்குப் போனேன். லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் ஒரு வயசான அம்மா கதவோரம் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார், கண்ணால் அல்ல, விரலால். நான் யார் என்று சொன்னதும் காயை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டார்.

"கிளாக்கரய்யாவா! உள்ள வாங்க சாமி. எம் மக அஞ்சல சொல்லிக்கிட்டே இருக்கும். எல்லாரு கடுதாசியும் கம்பியிலதானே கெடக்கும், நம்ம கடுதாசிய மட்டும் அய்யா தனியா எடுத்து லாச்சுக்குள்ள பத்திரமா வச்சிருக்காருன்னு. அது ஜன்னல்ல நின்னு கண்ணால பாத்துச்சாம்ல."

உள்ளே பார்த்தேன். எட்டடிக் காம்பராவில் இரண்டு அடுப்பு. ஒன்றில் கரி. மற்றது புதிதாக மண் பூசி, மெழுகி, ஒரு பொட்டுச் சாம்பல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. காம்பராவின் பாதி காலியாகக் கிடந்தது. பாயை ஒரு ஓரத்தில் ஒதுக்கிப் போட்டிருந்தார்.

"இது அஞ்சலைக்குங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மெழுகி வைப்பேன். எப்ப மாத்துவீங்கன்னு தெரியாதில்ல. வர்றப்ப அடுப்பு தயாரா இருக்கணும்" என்றார்.

கூரை ஒழுகுகிறதா என்று கேட்காமலே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கொழுந்து மலைக்கே ஏறிப் போனேன். அஞ்சலை கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அவள் நின்ற மண்ணில் போய் நின்றேன். நல்லதம்பி மாதிரி நிற்கத் தெரிந்தது, அவர் மாதிரிப் பேசத்தான் வரவில்லை. "அஞ்சலை, மாத்த முடியாது. தொரை நேத்துத்தான் முடிவாச் சொல்லிட்டாரு" என்றேன்.

நேற்றுத்தான். அந்த ஒரு சொல்லை ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

அவள் விரலில் ஒட்டியிருந்த கொழுந்துக் கறையைச் சேலையில் துடைத்தாள். பிறகு, "அப்ப சரிங்கய்யா. நான் அம்மாவ இங்கயே தூக்கிட்டு வந்துர்றேன். அந்தக் காம்பரா போனாப் போவுது. நான் மாறி வந்தா இருக்க அது வேணும், கைய விட்டுறக் கூடாதுன்னுதான் அம்மாவ அங்கயே வச்சிருந்தேன்" என்றாள். இவ்வளவு நாளும் அவள் தலைக்குள்ளும் அந்த மனுதான் உட்கார்ந்திருந்தது. அது எழுந்துபோன மறுநிமிஷமே வழி தெரிந்துவிட்டது. பிறகு கண் கலங்கிக் கும்பிட்டாள். "ரெண்டு வருசமா எங்களுக்காகத் தொரைகிட்டப் போராடியிருக்கீங்க. இதை மறக்க மாட்டேங்கய்யா."

என்னைக் காறித் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் ஒரு நாற்காலியில் தூக்கிக்கொண்டு அம்மாவை மலை தாண்டிக் கொண்டுவந்தார்கள். எட்டு மாதம் மகளோடு இருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும்போது வாசலில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். என் செருப்புச் சத்தத்துக்கே, "கிளாக்கரய்யாவா?" என்பார். ஆனி மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

தீபாவளிக்கு அஞ்சலை முறுக்கு கொண்டுவந்தாள். அந்த வருடம் மட்டுமல்ல, நான் தோட்டத்தில் இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கும். நான் ஓய்வுபெற்று நுவரெலியாவில் மகள் வீட்டுக்கு வந்த பிறகும் யார் கையிலாவது கொடுத்தனுப்புவாள். என் பேரப்பிள்ளைகள் அந்த முறுக்குக்குச் சண்டை போடுவார்கள். நான் அதில் ஒன்றுகூடத் தின்றதில்லை, பல்லைக் காரணம் சொல்லிவிடுவேன். பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு முறை சொன்னேன். ஃபாதர் மன்னிப்புக் கொடுத்தார். "அந்த அம்மாகிட்டயும் சொல்லிடுங்க" என்றும் சொன்னார். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன். முருகன் படம் போட்ட அந்த மனு என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. ராத்தூக்கம் எப்படியோ வந்துவிடும். பஸ்ஸில் ஏறினால் வராது. சும்மா உட்கார்ந்தால் போதும், அந்த மெழுகின அடுப்பு வந்துவிடும்.

மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது இதனால்தான். கம்பியைக் காலி பண்ணு என்று யோகேஸ்வரிக்கு எழுத என்ன யோக்கியதை எனக்கு?

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். மகளிடம் ஒரு வேலை பாக்கி என்று மட்டும் சொன்னேன். தலவாக்கலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து மேல் டிவிசனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். தூறல். அஞ்சலையும் வேலையை விட்டு வருடங்களாகிவிட்டன, தலை முழுக்க நரை. லயத்து வாசலில், படிக்கு மேலே நின்றுகொண்டு, "அய்யோ, கிளாக்கரய்யா! உள்ள வாங்க" என்றாள்.

நான் உள்ளே போகவில்லை. கீழே முற்றத்து மண்ணில் நின்றபடி சொன்னேன். தொரை முதல் சனிக்கிழமையே மறுத்துவிட்டார் என்று சொன்னேன். நான் யாரிடமும் போராடவில்லை, மழைக்குச் சோம்பல்பட்டுக் கடுதாசியை உள்ளே வைத்தேன், பிறகு பயந்தேன், நேற்றுத்தான் என்றது பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மனுவை எடுத்து நீட்டினேன். வாங்கினாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. திருப்பி முருகனைப் பார்த்தாள். பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எத்தன மாசங்கய்யா?"

"இருபத்திரெண்டு."

"எட்டு மாசந்தான் அம்மா எங்கிட்ட இருந்துச்சு" என்றாள். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "முப்பது மாசம் இருந்திருக்கும்."

"என்னை மன்னிச்சிரு அஞ்சலை" என்றேன். அழுதுவிட்டேன். இந்த வயதில் அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவள் மனுவை மடித்து இடுப்பில் செருகினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள், அவளுக்கு முழங்கால் சரியில்லை. தூறலில் என் முன்னால், நான் நின்ற மண்ணில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்கய்யா. என்னால முடியாது."

திட்டவில்லை. சத்தம் போடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, "கொட இருக்கா? மழை வலுக்கப் போவுது" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவள் திரும்பிப் படியேறிப் போனாள்.

இந்தத் தீபாவளிக்கு முறுக்கு வராது. பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துச் சமாளிக்க வேண்டும்.

யோகேஸ், நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்றைக்கு உன் போனில் கிடக்கிற இல்லைகளை முதலில் எடு. மழை பெய்தாலும் பரவாயில்லை, வெளியே இறங்கிப் போ.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலவாக்கலை டவுன் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நானுஓயா வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. "மாத்தயா, நுவரெலிய!" என்று கண்டக்டர் தோளைத் தட்டித்தான் எழுப்பினார்.